டாக்டர் மனைவிகளுக்கு ஊர் காட்டிய நாள்

எங்கள் ஊருக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது தண்ணீரைப் பற்றித்தான். கடலோரத்து ஊர், திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு லாட்ஜில் இரண்டாவது வாளி கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கொண்டுவந்து வைக்கிறவர் உங்களைப் பார்க்கிற பார்வைக்குப் பிறகு அதில் குளிக்க மனசு வராது.

இரண்டாவதாகச் சொல்வது மக்ரூனைப் பற்றி. முட்டை வெள்ளையும் முந்திரியும் சர்க்கரையும் சேர்த்துச் செய்கிற எங்கள் ஊர்ப் பலகாரம். வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கியதும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வார்கள். கடல்காற்று பட்டு அது நமுத்துப்போகும். ரயில் ஏறுகிற அன்றைக்கு வாங்க வேண்டும், தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும், இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பாதியைத் தின்றுவிட வேண்டும்.

இதையெல்லாம் ஒருமுறை எழுதியே கொடுத்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் காது மூக்குத் தொண்டை டாக்டர்களின் மாநாடு ஒன்று எங்கள் ஊரில் கூடியது. எங்கள் குடும்ப டாக்டர் வரவேற்புக் குழுவில் இருந்தார். மாநாட்டுக்காரர்கள் மண்டபத்துக்குள் பேசிக்கொண்டிருக்கும்போது கூடவந்த மனைவிகளை என்ன செய்வது என்பதுதான் அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திர டீச்சர். சரித்திரம் தெரிந்தவளுக்கு ஊரைக் காட்டவும் தெரியும் என்று முடிவு செய்துவிட்டார்.

“டீச்சர், எங்க போகலாம், என்ன வாங்கலாம்னு முதல்ல எழுதிக் குடுங்க. அச்சடிச்சு எல்லார் கையிலயும் குடுத்துருவோம்” என்றார்.

ராத்திரி உட்கார்ந்து நாலு பக்கம் விவரமாக எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தது ஓர் அரைப் பக்கம். மாதா கோயில், சிவன் கோயில், துறைமுகம், கடற்கரை. இதைச் சொல்ல நான் எதற்கு, ஸ்டேஷன் வாசலில் நிற்கிற குதிரை வண்டிக்காரர் சொல்வாரே. எனக்கு வந்த கோபத்தில் போகவே கூடாது என்று இருந்தேன். பிறகு, எழுதினால்தானே வெட்டுவார்கள், வாயால் சொன்னால் யார் வெட்ட முடியும் என்று கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாட்ஜ் வாசலில் வேன் வந்து நின்றது. மெட்ராஸ், மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்த டாக்டர் மனைவிகள். முன் சீட்டில் மெட்ராஸ் அம்மா உட்கார்ந்தார். மாநாட்டுத் தலைவரின் மனைவி. ஜரிகைக் கரை வைத்த ரிப்பன் பாட்ஜ் ஒன்றைத் தோளில் குத்தியிருந்தார். அது இருந்தால் மாநாட்டில் எந்தக் கதவும் திறக்குமாம். கடைசி சீட்டில் ஜன்னலோரம் ஓர் ஒல்லியான பெண் உட்கார்ந்தார். எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, “கோயமுத்தூருங்க” என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை. அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலுக்குப் பயந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் என் சரக்கை எடுத்துவிட்டேன். இங்கே வழி கேட்டால் வாடைப்பக்கம் போங்க, சோழகப்பக்கம் போங்க என்பார்கள். அவை காற்றின் பெயர்கள், வாடை என்றால் வடக்கு, சோழகம் என்றால் தெற்கு. மாதா கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உப்பளத்துக்கு உச்சிவெயிலில் போனால் கண் கூசி ஒன்றும் தெரியாது. முத்து வாங்க ஆசைப்படாதீர்கள். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகிறது. நேற்று எடுத்த முத்து என்று மடியை அவிழ்த்து யாராவது காட்டினால், கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

“சாயங்காலம் உங்க வீட்டுக்காரங்க எல்லாம் நைட் கிளப்புக்குப் போவாங்க. தடுக்காதீங்க” என்றேன்.

மெட்ராஸ் அம்மா முழுசாகத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்த பிறகு திறக்கிற புரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்றுதான் பெயர் என்று நான் விளக்கிய பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. மதுரைக்காரர் ஒருவர், “எங்க வீட்டுக்காரர் அதுக்கெல்லாம் லாயக்கில்ல, புரோட்டாக் கடைதான் சரி” என்றார். கோயமுத்தூர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது முன்பே தெரிந்த விஷயம் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதா கோயிலைப் பார்த்தோம். உப்பளம் பார்த்தோம். மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி வேனில் வைத்திருந்தார்கள். கொற்கைக்குப் போய் மரத்தடியில் சாப்பிடுவதாக ஏற்பாடு. நடுவில் மெட்ராஸ் அம்மாவுக்கு முத்து இல்லாவிட்டால் சங்காவது பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. சங்கு என்றால் எங்கள் தெருதான். என் அப்பாவும் சங்கு குளித்தவர், அண்ணனும் சங்கு குளிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று வேனை அங்கே விடச் சொன்னேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மூச்சை அடக்கி ஆழத்துக்குப் போகிறவர்களுக்குக் காதுச் சவ்வு கிழிந்துவிடும். நடுவயசுக்குள் பாதிக் காது போய்விடும். பின்னால் நின்று கூப்பிட்டால் கேட்காது. அதனால் எங்கள் தெருவில் யாரும் யாரையும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். முன்னால் போய் நின்று, கையைத் தொட்டு, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நல்ல காது உள்ளவர்களிடமும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் நானும் பிள்ளைகளைத் தொட்டுவிட்டுத்தான் கேள்வி கேட்பேன்.

இந்த ஒன்றை வேனில் சொல்ல மறந்துவிட்டேன். மெட்ராஸ் அம்மா இறங்கியதும் என் மதினி நேராக வந்து அவர் முழங்கையைப் பிடித்து, “வாங்க, உள்ள வந்து இரிங்க” என்றாள். அவர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். அடுத்த வீட்டு அக்கா திருச்சிக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் வேனுக்குள்ளேயே ஏறிவிட்டார். நான் ஓடி ஓடி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வாசலில் குனிந்து, சாக்கின் மேல் சங்குகளையும் சிப்பிகளையும் பரப்பிக்கொண்டிருந்தார். கோயமுத்தூர் அம்மா கடைசியாக இறங்கினார். அண்ணனின் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. அவர் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். உட்கார்ந்தார். அண்ணனின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகக் கேட்டார்.

“வலது காதுல இப்பவும் சீழ் வருதுங்களா?”

அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிறகு மதினியைப் பார்த்துச் சத்தம் போட்டார். “ஏளா, காது பாத்த டாக்டரம்மா வந்திருக்காவ.”

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. வயசாளிகள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் வணக்கம்கூடச் சொல்லாமல் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார்கள். அவர் ஒவ்வொருவரின் காது மடலையும் பிடித்து, வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தார். காலையிலிருந்து நான் பார்த்த முகமாகவே அது இல்லை.

டாக்டர் மனைவி என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாராம். ஞாயிறு தவறாமல் இந்தத் தெருவுக்கு வந்து, நெற்றியில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு காது பார்ப்பாராம். நான் அப்போது உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையாக இருந்தேன். லீவுக்கு வரும்போது கருப்பட்டி கொண்டுவந்ததுதான் மிச்சம், இவரைப் பார்த்ததில்லை.

மதினி காப்பி போட்டாள். அடுப்படியில் நின்று குடிக்கும்போது அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவசரமா?” என்றேன்.

“சாப்பாட்டுக்கு அப்புறம் முதல்ல என் வீட்டுக்காரர் ஒரு கட்டுரை படிக்கறாருங்க. சங்கு குளிக்கறவங்க காதைப் பத்தி.”

“நீங்க பாத்த காதா?”

“நான் பாத்த காதுதானுங்க. எழுதுனதும் நான்தான். கல்யாணத்துக்கு அப்புறம் கொழந்தை, வீடுன்னு நான் ஆஸ்பத்திரிக்குப் போறதில்லைங்க. அவரும் காது டாக்டர். அதனால அவர் பேருல படிக்கறாருங்க.” டம்ளரைக் கழுவி வைத்தார். “ஒரு தடவை காதால கேட்டுட்டா போதும்னு இருக்குதுங்க. எல்லாரும் வெளிய போறப்ப நீ மட்டும் உள்ள உக்காந்தா நல்லா இருக்காதுன்னுட்டார்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் நாலு பக்கத்தை அரைப் பக்கமாக்கியதற்கே நான் ராத்திரி தூங்கவில்லை. இந்தப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு, அதைக் கேட்கக்கூட விடாமல் உப்பளம் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். நேராக வாசலுக்குப் போனேன். மெட்ராஸ் அம்மா ஒரு வலம்புரிச் சங்கு கிடைக்குமா என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டிருந்தார். தடுப்பார் என்றுதான் நினைத்தேன். எப்படிச் சண்டை போடுவது என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். விஷயத்தைச் சொல்லி, இவரை மண்டபத்துக்குக் கூட்டிப்போகப் போகிறேன் என்றேன்.

அவர் முழுசாகக் கேட்டார். தோளில் இருந்த ரிப்பன் பாட்ஜைக் கழற்றி, கோயமுத்தூர் அம்மாவைக் கூப்பிட்டு, அவர் புடவையில் தானே குத்திவிட்டார்.

“வாசல்ல யாராவது கேட்டா இதைக் காட்டு. தலைமை என் வீட்டுக்காரர்தான். சாப்பிட்ட உடனே அவருக்குக் கண்ணைச் சொக்கும். முன்னாடி போய் உட்கார்ந்து எழுப்பு” என்றார். பிறகு என்னிடம், “நீங்களும் கூடப் போங்க. கொற்கையை நான் காட்டிக்கறேன். அங்க என்ன சொல்லணும், அதை மட்டும் சொல்லுங்க.”

அவசர அவசரமாகச் சொன்னேன். கடல் எங்கே என்று ஊர்க்காரர்களைக் கேட்காதீர்கள், அது விலகிப் போய் ரொம்பக் காலமாகிறது. வயலும் வாழையும் ஒரு குளமும் பழைய வன்னி மரமும் இருக்கும். பாண்டியன் துறைமுகம் எங்கே என்றால் நீங்கள் நிற்கிற வரப்புதான். மண்ணில் சங்குத் துண்டு கிடந்தால் பாருங்கள், எடுக்காதீர்கள். கேட்டால் மோர் கொடுப்பார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வேனில் ஏறினார். அன்றைக்குக் காலையில் அவரைப் பற்றி நான் மனசுக்குள் சொன்னதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

குதிரை வண்டி பிடித்தோம். பழைய துறைமுகத்தை ஒட்டிப் போனால் சீக்கிரம். இலங்கைக்குப் போகிற தோணிகள் ஞாயிறு என்று சும்மா நின்றன, வெங்காய மூட்டைகள் கரையில் அடுக்கியிருந்தன. வழியெல்லாம் நான்தான் பேசினேன். அவர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரத்துக்குப் போய்விடுவோமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வண்டிக்காரர் காதில் அது விழுந்திருக்க வேண்டும், குதிரையைக் கொஞ்சம் விரட்டினார்.

நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது கட்டுரை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தவர் பாட்ஜைப் பார்த்து எழுந்து வழிவிட்டார். முன்னால் போய் உட்காரக் கோயமுத்தூர் அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

அவர் கணவர் பார்வைக்கு நல்ல மனிதராகத்தான் இருந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆங்கிலக் கட்டுரை. நிறுத்தி, தெளிவாகப் படித்தார். பக்கத்தில் இவருடைய உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே வந்தன. வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம். முகம் மலர்ந்திருந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, இனி நல்லபடியாக வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அப்போது உதடுகள் நின்றன.

“ஒரு பக்கத்தை விட்டுட்டாருங்க” என்றார் என் பக்கம் சாய்ந்து.

“எதை?”

“இவங்க ஏன் ஆஸ்பத்திரிக்கு வர்றதில்லைங்கறதை.”

அது என்னவென்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருவில் சங்கு குளிக்கப் பழகுகிறவனுக்கு முதல் தடவை காதில் ரத்தம் வந்தால் அது கெட்ட செய்தி இல்லை. இனி அவனுக்கு ஆழம் வலிக்காது, முழு ஆள் ஆகிவிட்டான் என்று அர்த்தம். அன்றைக்கு அம்மா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிக் காதில் விடுவாள். வள்ளத்து ஆட்கள் எல்லோருக்கும் வீட்டில் சாப்பாடு. மறுநாளிலிருந்து அவனுக்கு முழுப் பங்கு. என் அண்ணனுக்கு ரத்தம் வந்த அன்று நான்தான் மீன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விருந்து நடக்கிற வீட்டிலிருந்து யார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார்கள்?

கட்டுரை முடிந்தது. கை தட்டினார்கள். தலைவர் தூங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இவ்வளவு தூரம் முற்றுகிறவரை இவர்கள் ஏன் வைத்தியத்துக்கு வருவதில்லை என்று கேட்டார்.

கணவர் காகிதங்களைப் பார்த்தார். “அறியாமைதான் சார்” என்றார்.

என் அப்பா முகமும் அண்ணன் முகமும் எனக்கு முன்னால் வந்து நின்றன. ஆத்திரத்தில் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்து எழப்போனேன். எனக்கு முன்னால் பக்கத்தில் இருந்தவர் எழுந்துவிட்டார்.

“அறியாமை இல்லைங்க சார்.”

எல்லாத் தலையும் திரும்பியது. தலைவர் தன் மனைவியின் பாட்ஜை இன்னொரு பெண்ணின் தோளில் பார்த்துக் கொஞ்சம் குழம்பினார். “நீங்க யாரும்மா?”

“அந்தக் காதெல்லாம் பாத்தது நானுங்க.”

முன்னால் வரச் சொன்னார். அவர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போனார். காதில் ரத்தம் வருகிற நாள் எங்கள் தெருவில் என்ன நாள் என்று சொன்னார். அதைத் தடுக்கப் பார்த்து முதலில் தோற்றதைச் சொன்னார். பிறகு அந்தச் சாப்பாட்டுக்குத் தன்னையும் கூப்பிடச் சொல்லி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவியதும் அந்தப் பையனின் காதைப் பார்த்ததைச் சொன்னார். எண்ணெய் விடுவதை நிறுத்தினால் போதும், பாதிச் சீழ் வராது, அதை அம்மாக்களிடம்தான் பேச வேண்டும், விருந்து அன்றைக்கே பேச வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தலைவர் அவர் கணவரைப் பார்த்தார். “இது உங்க கட்டுரையில இல்லையே?”

“இருக்கு சார். நேரம் போதாதுன்னு நான்தான் விட்டுட்டேன்.” காகிதங்களை மடித்துக்கொண்டே, “எழுதுனது அவங்கதான்” என்றார்.

கூட்டம் கலைந்து டீ கொடுத்தபோது இளவயசு டாக்டர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ படம் வரையக் காகிதம் கொடுத்தார்கள். அவர் காது ஒன்றை வரைந்து எதையோ காட்டிக்கொண்டிருந்தார். கணவர் தூணோரம் அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

“நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா?”

“ஆமா, நான்தான்” என்றேன். சண்டைக்கு வந்தால் வரட்டும் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக நாக்கில் நின்றன.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்யாணமானதுலேருந்து அவ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லைங்க” என்றார்.

என் கோபம் போகவில்லை. ஆனாலும் எங்கள் தெரு வழக்கப்படி முன்னால் போய் நின்று, அவர் கையைத் தொட்டு, “இங்க நின்னா என்ன கேக்கும், கிட்டப் போய்க் கேளுங்க” என்றேன்.